எஞ்சினை அணைக்காமல் எழுபது வளைவுகள்

போன வாரம் சோளக்காடு என்ற ஊரிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்தில், ஜீப் ஒன்று வந்து என்னருகே நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். முகத்தில் உண்மையான அக்கறை.

“ஏனுங்க, வண்டி மக்கர் பண்ணுதுங்களா? தள்ளி உடட்டுங்களா?”

“இல்லீங்க… ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்த என் வலது கையைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். ஏழு மாத வயிறு. நாங்கள் நகரும்வரை ஜீப்பைப் பின்னாலேயே நிறுத்திவைத்து, மேலிருந்து வருகிற வண்டிகளுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

பின்னால் இருந்தது என் மனைவி இல்லை. என் மனைவி அந்த நேரத்தில் இன்னொருவர் பைக்கில், எங்களுக்கு ரொம்ப முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பதறாதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வயதில் ஆண்கள் புதிதாகக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் மாத்திரைகளின் பெயர்களைத்தான். நான் பைக் கற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டு இல்லை. வேறு வழியில்லாமல்.

என் மனைவி சுமதி கிராம சுகாதார செவிலியர். கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஆலத்தூர் நாடு, தேவனூர் நாடு என்று ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பதும் குழந்தைகளுக்கு ஊசி போடுவதும் அவள் வேலை. ஸ்கூட்டர் இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்று கியர் பைக்கே வாங்கிவிட்டாள். அவள் ஓட்டுவாள். விடுமுறை நாளில் நான் பின்னால் உட்கார்ந்து, மடியில் காய்கறிப் பையை வைத்துக்கொண்டு போவேன். செம்மேட்டு டீக்கடையில் என் பெயர் யாருக்கும் தெரியாது. நர்சம்மா ஊட்டுக்காரரு. அவ்வளவுதான்.

இதில் எனக்கு வெட்கமே கிடையாது. பின்சீட்டு என்பது பொறுப்பில்லாத பதவி. ஒரே வேலை, பயப்படுவது. அதை நான் மனப்பூர்வமாகச் செய்துவந்தேன். வளைவு வந்தால் கண்ணை மூடுவேன். லாரி வந்தால் காலை மடக்குவேன். இல்லாத பிரேக்கை என் வலது கால் எத்தனை ஆயிரம் முறை மிதித்திருக்கும்!

இந்த மழைக்காலத்தில் சுமதி துணி துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், தயிர் வாங்கிவரச் சொல்கிற குரலில் சொன்னாள்.

“இனிமே நீங்க ஓட்டுங்க. நான் பின்னால உக்காந்துக்கறேன்.”

லீவு போடலாமே என்றேன். தேவனூர் நாட்டில் ஒரு பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, வாராவாரம் பார்க்காமல் முடியாது என்றாள். வேறு யாரையாவது ஓட்டச் சொல்லலாமே என்றேன். மலையில் மிளகு, காபி, அன்னாசி என்று ஆளுக்கொரு வேலை. தினமும் சும்மா இருக்கிற ஒரே ஆள் நான்தான். எழுதுகிறவன் என்றால் எங்கள் வீட்டில் அதுதான் பொருள்.

எல்.எல்.ஆர். போட்டோம். சந்தை இல்லாத நாளில் சந்தை மைதானத்தில் பாடம் தொடங்கியது.

கிளட்ச்சை மெதுவாக விட வேண்டும் என்றாள். விட்டேன், மொத்தமாக. பைக் முயல் மாதிரித் தாவி நின்றது. பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பதறிப்போய்க் கைப்பிடியை இறுக்கினேன். நான் இறுக்கியது ஆக்சிலேட்டரை. மைதானத்தின் ஓரம் ஒரு பலாமரம். அதில் போய் இடித்துவிடுவேனோ என்ற பயத்தில் அதையே பார்த்தேன். பைக் மிக விசுவாசமாக அங்கேயே போனது.

“மரத்தைப் பாக்காதீங்க. போற எடத்தைப் பாருங்க. கண்ணு எங்கயோ அங்கதான் வண்டி.”

இதைச் சொல்வது எளிது. பயந்தவனின் கண்ணுக்கு உலகத்தில் மரத்தைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லையே… என்ன செய்ய?

எப்படியோ மைதானத்திலிருந்து ரோட்டுக்கு வந்தேன். முதல் வாரமே விழுந்தேன். இங்கே அறுவடை முடிந்ததும் சாமைத் தாளை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தால் தானியம் உதிர்ந்துவிடும். அந்தத் தாளின்மேல் நான் பிரேக் பிடித்தேன். சக்கரம் ஒரு பக்கம் போனது. நான் ஒரு பக்கம் போனேன். சுமதி, நல்லவேளை, முன்கூட்டியே இறங்கி நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குத் தன் மாணவனைத் தெரியும்.

தாளுக்குச் சொந்தக்கார அம்மா ஓடிவந்து தூக்கிவிட்டார். சட்டையில் ஒட்டியிருந்த தாளைத் தட்டிவிட்டார். அடிபட்டதா என்று நாலு தரம் கேட்டார். பிறகு, கொஞ்சம் தயங்கி:

“விழுந்தது விழுந்துட்டீங்க சாமி… அப்படியே ரெண்டு தடவ மேல ஏத்தி எறக்கிட்டுப் போனீங்கன்னா தேவலைங்க.”

போனேன். வேறென்ன செய்ய?

அடுத்து, இறக்கம். காரவள்ளி வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மாவுக்கட்டைக் காட்டுவதற்காக சுமதியைக் கீழே அழைத்துப்போக வேண்டியிருந்தது. அவள் சொன்ன விதிகளை நான் மந்திரம் போல ஜெபித்துக்கொண்டே இறங்கினேன். இறக்கத்தில் ரெண்டாவது கியர், வளைவில் முதல் கியர். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. கியரில் இருக்கும்வரை எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விட்டுவிட்டுத் தொட வேண்டும். அழுத்திக்கொண்டே போனால் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன். ஏறிவருகிற வண்டிக்கு வழி.

நான் இறங்கிய வேகத்தில் குரங்குகள் கூடவே வந்தன. முன்னால் போய் உட்கார்ந்து காத்திருந்தன.

மலைக்காரர்கள் இப்படி இறங்க மாட்டார்கள். அவர்களுக்கு ஒரு பழக்கம். சோளக்காட்டைத் தாண்டி இறக்கம் தொடங்குகிற இடத்தில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார்கள். நியூட்ரல். அதன்பிறகு காரவள்ளிவரை வண்டி தானாக உருண்டு போகும். சொட்டு பெட்ரோல் செலவில்லை. சத்தமும் இல்லை. நம் முதுகுக்குப் பின்னால் திடீரென்று ஒரு காற்று… திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த வளைவில் ஒரு சட்டை மட்டும் படபடத்து மறையும். அணைத்த இடத்திலிருந்து ஒரு தடவைகூடச் சாவி போடாமல் அடிவாரம் தொடுவதில் அவர்களுக்குள் பெருமையே உண்டு.

அந்தப் பெருமையில் முதல் இடம் சின்னச்சாமிக்கு. தேவனூர் நாட்டில் மிளகும் காபியும் போட்டிருக்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். மிளகு மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு எஞ்சின் இல்லாமல் இறங்கக்கூடியவர். நல்ல மனிதர், நல்ல வாய். என்னை எங்கே பார்த்தாலும் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் ரோட்டைக் காலி பண்ணச் சொல்வார். நர்சம்மா ஊட்டுக்காரர் வருகிறார், எப்படியும் பொழுது சாய்வதற்குள் கடந்துவிடுவார் என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காமல்.

சுமதி வாராவாரம் பார்க்கப் போன அந்தப் பெண் சின்னச்சாமியின் மனைவிதான். ராசாத்தி.

ராசாத்திக்கு முந்தைய பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. எட்டாம் மாதம் ரத்த அழுத்தம் எகிறி, கடைசி நேரத்தில் ஆம்புலன்ஸில் கீழே கொண்டுபோனார்கள். போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் இதயத்துடிப்பு இல்லை. இந்த முறை ஆறாம் மாதத்திலிருந்தே அழுத்தம் ஏறத் தொடங்கிவிட்டது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், மருந்தை மாற்ற வேண்டும். சுமதி சொல்லிக்கொண்டே இருந்தாள். ராசாத்தி தலையாட்டிக்கொண்டே இருந்தார். போகத்தான் இல்லை.

ஒரு வாரம் சாமை அறுப்பு என்றார். அடுத்த வாரம் அம்மாவைப் பெற்ற அம்மாயிக்கு உடம்பு சரியில்லை என்றார். அதற்கடுத்த வாரம் நாள் நன்றாக இல்லை. சின்னச்சாமி, வண்டியும் தயார் தானும் தயார், இவள்தான் அசையமாட்டேன் என்கிறாள் என்று எங்களிடம் புலம்பினார். அவர் கண்ணில் பயம் இருந்தது. போன முறை வெறுங்கையோடு மலையேறியவர் அவரும்தானே.

போன வாரம் நாங்கள் போனபோது சுமதி அழுத்தத்தைப் பார்த்தாள். கருவியை ஓரம் வைத்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது எனக்கே தெரிந்தது.

சின்னச்சாமி எங்களுக்காகப் பலாப்பழம் வெட்டக் கொல்லைக்குப் போயிருந்தார். சுமதி ராசாத்தியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“கண்ணு, இன்னைக்கு எங்கிட்ட நெசத்தைச் சொல்லோணும். ஏன் போகமாட்டேங்கற?”

பஸ்ஸில் போனால் குடலே வெளியே வந்துவிடுகிறது என்றார் ராசாத்தி. அது உண்மைதான். எங்கள் பஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுக்காமல் இறங்குகிறவர்கள் டிரைவரும் கண்டக்டரும் மட்டும்தான். ஜீப்பும் அப்படித்தான் என்றார். ஆம்புலன்ஸுக்கு இப்போதே சொல்லட்டுமா என்று சுமதி கேட்டாள்.

“போன தடவ அதுலதான் போனேனுங்க.”

சுமதி அந்தப் பேச்சை அங்கேயே விட்டாள்.

“அப்ப ஊட்டுக்காரர் வண்டி இருக்குதே?”

ராசாத்தி வாசலைப் பார்த்தார். கொல்லையில் கத்தி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“மேலயே சாவியை அணைச்சுருவாருங்க. அப்பறம் காத்து மட்டுந்தான் கேக்கும். நான் கண்ணை மூடிக்குவேன். காரவள்ளி வந்து எறங்குன்னு சொல்றவரைக்கும் தொறக்கமாட்டேன்.”

“அவருகிட்ட இதைச் சொல்லலாமில்ல?”

“அவரு நல்லா ஓட்டுவாருங்க நர்சம்மா. ஊரே சொல்லுது. பயமா இருக்குதுன்னா, எம்மேல நம்பிக்கை இல்லையாங்கறாரு. அப்பறம் என்னத்தச் சொல்றது?”

இவ்வளவு நேரமும் நான் மூலையில் கிடந்த ஒரு காலண்டரைப் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் ராசாத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இந்த அண்ணன் வண்டின்னா வாரேனுங்க.”

வாசகர்களே, என் வாழ்க்கையில் என்னை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. பள்ளிக்கூடத்துக் கபடி அணியில்கூட ஆள் குறைந்தால்தான் கூப்பிடுவார்கள். முதல்முறையாக ஒருவர் என்னைத் தேர்ந்தெடுக்கிறார்… நான் உடனே மறுக்க ஆரம்பித்தேன்.

லைசென்ஸ் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை என்றேன். எனக்கே பயம் என்றேன். ராசாத்தியைவிட எனக்குத்தான் அதிகப் பயம் என்று சுமதியிடம் சாட்சி கேட்டேன். ராசாத்தி அமைதியாகச் சொன்னார்:

“அதாங்கண்ணே. நீங்களே அம்புட்டுப் பயந்து ஓட்டறப்ப, எம்பங்குக்கு நான் வேற பயப்பட வேண்டியதில்லீங்களே.”

ஏழு மாதக் கர்ப்பிணியைப் பைக்கில் ஏற்றுவது சுமதிக்குப் பிடிக்காத காரியம். எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாள். என்னைப் பார்த்தாள், ராசாத்தியைப் பார்த்தாள், அழுத்தம் பார்க்கும் கருவியைப் பார்த்தாள். கடைசியில், மெதுவாகப் போவதில் ஆபத்து கொஞ்சம், போகாமல் இருப்பதில் ஆபத்து நிறைய என்றாள். அன்றே, அப்போதே கிளம்புவது என்று முடிவானது.

பலாச்சுளையோடு வந்த சின்னச்சாமிக்கு ஏற்பாடு புரியவில்லை. தன் வண்டிக்கு என்ன குறை என்றார். முகம் சுருங்கிவிட்டது. சுமதி மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டி, கை இப்படி இருக்கையில் நன்றாக ஓட்டுகிறவர் பின்னால் உட்கார்ந்தால்தான் தனக்குத் தைரியம் என்றாள். அவர் முகம் மலர்ந்தது. பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக என்னிடம் உறுதி கூறினார். என்னிடம்!

ஹெல்மெட் விஷயத்தில் சுமதி கறார். ராசாத்திக்கு அண்டை வீட்டில் ஒன்று இரவல் வாங்கினாள். சின்னச்சாமியிடம் இருந்த ஹெல்மெட் அதுவரை அவர் முழங்கையைத்தான் பாதுகாத்து வந்தது. அதையும் தலைக்கு ஏற்றினாள்.

சோளக்காடு தாண்டியது. அவர்கள் முன்னால் போய் மறைந்துவிட்டார்கள். பாதை கீழே வாயைத் திறந்தது.

நான் பலமுறை இதில் இறங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் பின்னால் சுமதி. அவள் தப்பைச் சொல்வாள், தோளில் தட்டுவாள், திட்டுவாள். இப்போது பின்னால் ராசாத்தி, தப்பைச் சொல்ல ஆளில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில், இரண்டு மாதத்தில் பிறக்கவேண்டிய ஓர் உயிர். வேண்டாத சாமியெல்லாம் நினைவுக்கு வந்தது. முதல் கியர். ஹாரன். வலது பக்கம் பார்க்காதே, பள்ளம். போகிற இடத்தைப் பார். போகிற இடத்தைப் பார்…

ஒரு வளைவில் வாழைத்தார் ஏற்றிய லாரி ஏறி வந்தது. வளைவை மொத்தமாக அடைத்துக்கொண்டு வந்தது. நான் முன்கூட்டியே ஓரத்தில் நிறுத்திவிட்டேன். அதுவரை சரி. ஆனால் காலை ஊன்றிய இடத்தில் ஜல்லி. கால் சறுக்கியது. பைக் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. விழுந்துவிடவில்லை. விழப்போகிறது என்று என் உடம்பு முடிவு செய்துவிட்டது. கை தன்பாட்டுக்கு பிரேக்கை விட்டது.

“ரெண்டு பிரேக்கையும் புடிச்சுக்கங்கண்ணே.” பின்னாலிருந்து ராசாத்தி. சத்தம் போடவில்லை. “லாரி போவட்டும். நமக்கு என்ன அவசரம்?”

பிடித்தேன். லாரி போனது. லாரி போய் ரொம்ப நேரம் கழித்தும் நான் பிடித்துக்கொண்டே நின்றேன். அப்போது வந்ததுதான் அந்த ஜீப்.

மறுபடி நகர்ந்தோம். மூன்று நான்கு வளைவுகள் தாண்டியிருப்போம். ராசாத்தி என் தோளைத் தொட்டார். நான் பதறி நிறுத்தப்போனேன்.

“ஒண்ணுமில்லீங்கண்ணே. அந்தா கீழ தெரியுதே, அது எந்த ஊருங்க?”

“காரவள்ளி.”

“இங்கிருந்தே தெரியுமுங்களா?”

குழந்தைப் பருவத்திலிருந்து இந்தப் பாதையில் போய்வருகிற பெண் கேட்ட கேள்வி இது. பஸ்ஸில் போனபோதெல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் முகம். புருஷன் வண்டியில் போனபோதெல்லாம் மூடிய கண். ஆம்புலன்ஸில் போனபோது… அதை விடுங்கள். அந்த எழுபது வளைவுகளையும் அவர் அன்றுதான் பார்க்கிறார். அதன்பிறகு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அந்தப் பாறை எது, அந்தத் தோப்பு யாருடையது, தூரத்தில் பளபளப்பது ஏரியா, தகரக் கூரையா? எனக்குப் பதில் சொல்லத் தைரியமில்லை. ரோட்டிலிருந்து கண்ணை எடுத்தால்தானே ஏரி தெரியும்? “ம்” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வளைவில் ஒரு காட்சி. என் மனைவி ரோட்டோரமாக நடந்து போகிறாள், மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்தபடி. பக்கத்திலேயே சின்னச்சாமி, பைக்கில் உட்கார்ந்து காலால் தேய்த்துத் தேய்த்துக் கூடவே போகிறார். கெஞ்சிக்கொண்டே.

நடந்ததைச் சுமதி பிறகு சொன்னாள். முதல் பாதியில் நர்சம்மாவுக்காக எஞ்சினோடு ஓட்டியிருக்கிறார். பிறகு பழக்கம் கையை இழுத்துவிட்டது. சாவியைத் திருப்பிவிட்டார். அடுத்த வளைவிலேயே நிறுத்தச் சொல்லி இவள் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஹாரன் அடிங்க பாக்கலாம்” என்றாளாம்.

அழுத்தினார். சாவி அணைந்திருக்கிறது. ஹாரன் எங்கிருந்து வரும்?

“நீங்க வாரது எதுக்க வாரவனுக்கு எப்படித் தெரியும்?”

“அவன் வாரது எனக்குத் தெரியுமுங்களே நர்சம்மா.”

இந்த விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் நாங்கள் அவர்களைக் கடந்தோம். வேகம் என்று சொல்ல எதுவுமில்லை. ஆகவே அவர் எங்களை நிதானமாகப் பார்க்க முடிந்தது. ராசாத்தி கையை நீட்டி எனக்கு எதையோ காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். புருஷனைக் கவனிக்கவே இல்லை.

சின்னச்சாமி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

“எம்பின்னால உக்காந்தா ஒரு வார்த்தை பேசமாட்டாளுங்க” என்றாராம்.

“உங்க பின்னால உக்காந்தா கண்ணையே தொறக்கறதில்லையாம்” என்றாளாம் சுமதி.

சின்னச்சாமி சாவியைப் போட்டார்; சுமதி மறுபடி ஏறிக்கொண்டாள். காரவள்ளிவரை எனக்குப் பின்னால் ஓர் எஞ்சின் சத்தம் சீராக வந்துகொண்டே இருந்தது. நின்றால் நின்றது, நகர்ந்தால் நகர்ந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் திட்டினார். இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று எல்லோரையும் சேர்த்துத் திட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன். ஸ்கேன் அறைக்குள் சுமதிதான் கூடப் போனாள். குழந்தையின் இதயத்துடிப்பை ராசாத்தி கேட்டாராம். இன்னொரு முறை வைக்கச் சொல்லிக் கேட்டாராம். மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். வாராவாரம் வர வேண்டும், கடைசி மாதம் கீழேயே தங்கிவிட வேண்டும் என்றார்கள். இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். ராசாத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த வாக்கியத்தை முடிக்காமலே விட்டுவிட்டார்.

வெளியே வராந்தாவில் நானும் சின்னச்சாமியும் உட்கார்ந்திருந்தோம். துடிப்பு நன்றாக இருக்கிறது என்ற செய்தி வந்த பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

“பயம்னு உங்ககிட்டச் சொன்னாளுங்களா?”

ஆமாம் என்றேன்.

“கண்ணை மூடிக்கிட்டு வாரான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? அவ பின்னாலல்ல உக்காந்திருக்கா.”

அவர் சமாதானம் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். யோசித்துப் பாருங்கள். பஸ் ஓட்டுகிறவருக்குக் கண்ணாடியில் பயணிகளின் முகம் தெரியும். காரில் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கலாம். பைக்கில் மட்டும்தான் நம்மை நம்பி ஏறியவரின் முகம் நமக்குத் தெரியவே தெரியாது. நன்றாக ஓட்டுகிறோம் என்று நமக்குச் சொல்வதெல்லாம் எதிரே நிற்கிற ஊர். பின்னால் இருப்பவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா வருகிறார். கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் சுமதி எனக்குக் கற்றுக்கொடுத்தாள். இதை எந்த மைதானத்தில் போய்க் கற்றுக்கொள்வது? கேட்டால்தான் தெரியும். கேட்டுக்கொண்டே இருந்தால்தான் தெரியும்.

நேற்று இரண்டாவது செக்கப். நான் சுமதியோடு என் பைக்கில். ராசாத்தியை எப்படி அழைத்துப்போவது என்று நாங்கள் யோசிக்கும் முன்பே அவர் புருஷன் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். இறக்கம் தொடங்குகிற இடத்தில் சின்னச்சாமி நிறுத்தினார். கை சாவிப் பக்கம் போகவில்லை. தலையை மட்டும் பின்னால் திருப்பினார்.

“தொறந்திருக்குதா?”

“தொறந்துதான் இருக்குது, போங்க.”

ரெண்டாவது கியரில் இறங்கினார். முதல் வளைவுக்கு முன்னால் ஹாரன். முதல் வளைவு முடிந்ததும், தொறந்திருக்குதா? இரண்டாவது வளைவு. தொறந்திருக்குதா? பின்னால் வந்த எங்களுக்கு ஒவ்வொன்றும் கேட்டது. பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டியிருக்கும். ராசாத்தியின் குரல் மலையில் கணீரென்று எதிரொலித்தது.

“எங்கண்ணு கெடக்கட்டும். நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

அவர் இன்னும் மெதுவாகப் போனார். என்னைவிட மெதுவாக. வேறு வழியில்லாமல், என் வாழ்க்கையில் முதல்முறையாக, முன்னால் போகிற ஒரு வண்டியிடம் வழி கேட்டு ஹாரன் அடித்தேன்… விடவில்லை.